கூவம் கரை கூறும் வரலாறு

ஆற்றங்கரைகளிலேதான் நாகரிகம் பிறந்தது என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. நைல் நதிக்கரையில் எகிப்தியரும், யூப்ரட்டீசு, தைகிரீசு நதிகளின் கரைகளில் சுமேரியரும், சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோ மக்களும் நகரம் அமைத்து வாழ்ந்த செய்தியை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆயினும், தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் அரியர்.

நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூவம் கரையில் வாழ்ந்து வருவது. வகுப்பில் சுற்றுச்சூழல் பற்றிய பாடம் நடந்தபோது, கரையோரக் குடிசைகளால்தான் ஆறு கெட்டது என்று சொல்லப்பட்டதாம். உடன் படிக்கும் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்களாம். “ஐயா, கூவத்தை நாறடித்தது நாமா?” என்று கேட்டாள். கேட்கும்போது அவள் தலை நிமிரவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்களின் கல்விக்கென்றே உழைத்துவரும் இக்கழகத்தின் வெள்ளிவிழா மலரிலே, அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை உணர்ச்சியால் கூறுவதைவிட வரலாற்றால் கூறுவதே முறை.

ஆற்றின் பிறப்பு

திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள ஏரியின் உபரி நீரே ஆறாகப் பெருகி, ஊரின் பெயரையும் தாங்கி வருகிறது. அவ்வூர்ச் சிவன் கோயிலாகிய திருவிற்கோலம் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலமாகும். எனவே, இன்று இழிமொழியாக வழங்கும் கூவம் என்ற சொல், ஒரு காலத்தில் பாடல் பெற்ற ஊரின் பெயராய் விளங்கியது என்பதை முதற்கண் நினைவில் கொள்ளல் வேண்டும். ஆற்றின் மொத்த நீளத்தை 65 முதல் 72 கிலோமீட்டர் வரை பலவாறு கணக்கிடுவர். கேசாவரம் அணைக்கட்டிலிருந்து கொசத்தலையாற்றின் நீரும் இதற்கு வந்து சேர்வதுண்டு.

காவிரியைப் போன்று மலையில் பிறந்து பெருகி வரும் ஆறன்று இது. மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே இதன் செல்வம். கோடையில் இயல்பாகவே நீரோட்டம் குறையும். இத்தகைய மெலிந்த ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் குறைந்தது. இந்த உண்மையை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

அரணாகவும் துறையாகவும் இருந்த காலம்

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்த பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து கடற்கரையில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே புனித ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கியது. கிழக்கே கடலும், தெற்கிலும் மேற்கிலும் ஆறுகளும் சூழ்ந்த இடம் அது. அக்காலத்து ஆங்கிலேயர் கூவத்தைத் திருவல்லிக்கேணி ஆறு என்றே எழுதினர். கோட்டைக்கு மேற்கே வடக்கிலிருந்து வந்த மற்றோர் ஆறும் கூவத்துடன் இணைந்தது. இவ்விரு நீர்களுக்கும் இடைப்பட்ட திடல் இன்றும் தீவுத்திடல் என்றே வழங்குகிறது. ஆகவே, நகரம் பிறந்தபோது ஆறு அதற்கு அரணாக நின்றது எனலாம்.

1734ஆம் ஆண்டில் கூவத்தின் வளைவுக்குள் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. நெசவாளரைக் குடியேற்றுவதற்கென்றே கம்பெனியார் அமைத்த பேட்டை அது. துணி நெய்வோருக்கும் வெளுப்போருக்கும் நீர் இன்றியமையாதது. ஆற்றின் வளைவில் அப்பேட்டை அமைந்தது பொருத்தமே. அதனை அடுத்த கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தவர் வள்ளல் பச்சையப்ப முதலியார். 1794இல் மறைந்த அவர், கூவத்தில் நீராடிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கமுடையவராய் இருந்தார் என்பர். இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை அது நீராடத் தகுந்த ஆறாகவே இருந்தது.

அந்தத் துறைகளில் நம் முன்னோர் இறங்க முடிந்ததா? பழைய ஆங்கில ஆவணங்களில் பறைச்சேரி என்ற பெயர் அடிக்கடி காணப்படுகிறது. கம்பெனியாரின் வீடுகளில் பணிபுரிந்தவர்களும் சுமை தூக்கியவர்களும் நகரத் தெருக்களைத் துப்புரவு செய்தவர்களும் அச்சேரிகளில் வாழ்ந்தனர். நகரம் அவர்களுடைய உழைப்பை உள்ளே ஏற்றது. அவர்களுடைய குடியிருப்பை வெளியே வைத்தது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று சென்னை மாகாண அரசு ஆணையிட்டது 1924ஆம் ஆண்டில்தான். அதுவும் சட்டமன்றத்தில் நம் பிரதிநிதிகள் வாதாடிப் பெற்ற ஆணை. அவ்வாறு ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே அதற்கு முன்பிருந்த நிலைக்குப் போதிய சான்று. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகியதன் பொருளும் இதுவே.

வாய்க்கால் வெட்டிய கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறும் நீர்வழியும் வாணிகப் பாதையாயின. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கிக் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். 1837இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்னர் அது வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் தானியமும் படகுகளில் வந்திறங்கின.

இக்கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி எவ்வாறு தோன்றியது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்கள் அதில் மாண்டன. நிலமற்ற கூலிமக்களே முதலில் வீழ்ந்தனர். அவர்களுள் நம் முன்னோர் எத்துணைப் பேர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! பஞ்சத்திற்கு அஞ்சிச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கு வந்து குவிந்த மக்களைக் கொண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக அப்பகுதி வெட்டப்பட்டது.

நிவாரணம் என்ற சொல்லின் அளவையும் கருதுக. ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி 1877இன் தொடக்கத்தில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே கூலி. அது உயிர் தாங்கப் போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக வாதாடினார். கூலி வேலையாட்களே பல இடங்களில் வேலையை நிறுத்தி எதிர்ப்புக் காட்டினர். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது. கால்வாய்க்கோ அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

ஆறு சாக்கடையானது எவ்வாறு?

இனி, மாணவியின் கேள்விக்கு நேரே வருவோம். ஆறு கெட்டதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, நகரம் தன் குடிநீருக்கு ஆற்றை நம்புவதை விட்டது. 1772இல் ஏழு கிணறு நீர்நிலையம் கோட்டைக்கு நீர் தந்தது. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்திற்கு நீர் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. இவை மக்களைக் கொள்ளை நோய்களிலிருந்து காத்த நற்பணிகளே. ஆனால் குடிநீர் குழாயில் வரத் தொடங்கியபின், ஆறு தூய்மையாக இருக்கவேண்டும் என்ற கவலை நகரத்தாருக்கு நீங்கிற்று.

இரண்டாவது, வீட்டுக்குள் வந்த நீர் கழிவாகி வெளியே செல்லவேண்டும் அல்லவா? பாதாளச் சாக்கடைத் திட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவுபெற்றது. 1901இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1971இல் ஏறத்தாழ 25 இலட்சமாயிற்று. சாக்கடைக் குழாய்கள் அவ்வேகத்தில் வளரவில்லை. நிரம்பி வழிந்த கழிவுநீர் மழைநீர் வடிகால்களில் புகுந்து, கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் வீழ்ந்தது. மாளிகை, மருத்துவமனை, விடுதி, தொழிற்சாலை எல்லாவற்றின் கழிவும் இவ்வழியே வந்தது.

மூன்றாவது, மேலிருந்து வரும் நல்ல நீர் குறைந்தது. கொசத்தலையாற்றின் நீரைத் தேக்கி நகரத்திற்கு வழங்க 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து கூவத்தின் நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. மழைக்காலம் தவிர ஏனைய மாதங்களில் நகரத்துக்குள் கூவத்தில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீரே.

நான்காவது, கடல்வாய் அடைபட்டது. நம் கடற்கரையோரத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அந்த மணலைத் தடுத்தது. அதன் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. கூவத்தின் முகத்துவாரமும் மணலால் அடைபடலாயிற்று. அன்றாடம் கடல்நீர் உட்புகுந்து ஆற்றைக் கழுவிய ஓத நீரோட்டம் தளர்ந்தது.

இந்நான்கு காரணங்களுள் ஒன்றேனும் குடிசைவாசியால் நேர்ந்ததா? கரையோரக் குடிசைகளில் கழிப்பிடமும் சாக்கடை இணைப்பும் இல்லாததால் அங்கிருந்தும் கழிவு ஆற்றில் சேர்ந்தது உண்மையே. அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் குழாய்நீரைக் குடம் குடமாக வரிசையில் நின்று பெறும் குடும்பம் வெளிவிடும் கழிவு எவ்வளவு? குழாயைத் திறந்தால் கொட்டும் வீடுகள் வெளிவிடும் கழிவு எவ்வளவு? கணக்கறிந்த எந்த மாணவரும் இதற்கு விடை கூறுவர்.

கரைக்கு வந்தவர்கள்

ஆறு நாறத் தொடங்கியதும் வசதி படைத்தோர் அதன் பக்கம் தங்கள் வீட்டின் புறக்கடையைத் திருப்பினர். கரை எவரும் விரும்பாத நிலமாயிற்று. சிற்றூரில் நிலமும் கூலியும் இன்றி நகரம் வந்த நம் மக்களுக்கு வாடகையின்றிக் கிடைத்த நிலம் அதுவே. துறைமுகத்திலும் ஆலைகளிலும் சந்தைகளிலும் பணக்கார வீடுகளிலும் வேலை. வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் கூவம் கரை. நகரம் தன் கழிவை எங்கே தள்ளியதோ, அங்கேயே தன் உழைப்பாளரையும் தள்ளியது. அக்கழிவைச் சுமப்பதற்கும் குழியில் இறங்கி அடைப்பெடுப்பதற்கும் நம் மக்களையே அமர்த்தியது. கையால் மலம் அள்ளும் தொழிலை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. சாக்கடைக் குழியில் மாண்டோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டங்கள் வந்தபின்னும் மரணங்கள் நின்றபாடில்லை.

ஆனால் கரையோரம் துன்பத்தை மட்டும் தரவில்லை. அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த ஊரூரில் 1894ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழை வெளியிட்டார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பறையன் இதழைச் சென்னையில் தொடங்கினார். ஜெ. சிவசண்முகம் பிள்ளை, என். சிவராஜ் ஆகியோர் இந்நகரத்தின் மேயர் பொறுப்பையே வகித்தனர். இவர்களெல்லாம் இந்நகரத்தில் நின்றே நம் சமுதாயத்திற்குக் குரல் கொடுத்தவர்கள்.

இலண்டன் கற்பிக்கும் பாடம்

கெட்ட ஆறு மீளாதா என்று கேட்பவர்க்கு நம்மை ஆண்ட நாட்டின் தலைநகரிலிருந்தே ஒரு சான்று கூறலாம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்கவொண்ணாததாயிற்று. நதிக்கரையிலிருந்த நாடாளுமன்றத்தில் சுண்ணாம்புக் கலவை தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் பயனில்லை. உறுப்பினர்கள் விரைந்து சட்டம் இயற்றினர். ஜோசப் பேசல்ஜெட் என்னும் பொறியாளர் 82 மைல் நீளத்திற்கு முதன்மைச் சாக்கடைகளை அமைத்துக் கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றார். பின்னர் மீண்டும் கெட்டு, 1957இல் உயிரற்ற நதி என்று கூறப்பட்ட தேம்ஸில், கழிவுச் சுத்திகரிப்பு மேம்பட்டபின் 1974இல் சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது.

இதிலிருந்து அறியவேண்டியவை இரண்டு. நாற்றம் ஆள்வோரின் மூக்கை எட்டியபோதுதான் பணம் ஒதுக்கப்பட்டது என்பது ஒன்று. ஆற்றைக் காத்தது சாக்கடைக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமுமே என்பது மற்றொன்று.

சீரமைப்பும் வெளியேற்றமும்

சென்னையிலும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சிக் காலத்தில் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1970களில் படகுத்துறைகளும் கட்டப்பட்டன. கழிவுநீர் நிற்காததால் படகுகள் நிலைக்கவில்லை.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. அவ்வாண்டில் சென்னையில் 1,202 குடிசைப்பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித்தரும் நன்முறை பின்பற்றப்பட்டது. 1985இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டதோடு அப்பணி நெடுங்காலம் நின்றுபோயிற்று. அதே 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று கூறியது. சென்னைக் குடிசைவாசிகள் சார்பான வழக்கும் அவ்வாண்டிலேயே அந்நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது.

2000ஆம் ஆண்டிற்குப் பின் முறை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. கூவம் மீட்புத் திட்டத்திற்காக மட்டும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரையோரக் குடும்பங்கள் அகற்றப்படுவதற்கெனக் கணக்கெடுக்கப்பட்டன. 2015 டிசம்பரில் அடையாறு பெருவெள்ளமாகப் பாய்ந்தபின், வெள்ள ஆபத்தைக் காரணங்காட்டி வெளியேற்றம் விரைவுபெற்றது. ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்ந்த பகுதிகள். பின்வந்த மழைக்காலங்களில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. பழைய வேலைக்கும் பள்ளிக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டிய நிலை. கல்வியாண்டின் நடுவில் பெயர்த்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுள் படிப்பை விட்டவர்களை நம் கழகத்தார் நேரில் அறிவர்.

பக்கிங்காம் கால்வாயின் வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் இரயில் பாதையின் தூண்கள் நெடுந்தொலைவுக்கு அக்கால்வாயிலும் அதன் கரையிலுமே நிற்கின்றன. நீர்வழியில் அரசு ஊன்றிய தூண் வளர்ச்சி என்றும், ஏழை ஊன்றிய குடிசைக்கால் ஆக்கிரமிப்பு என்றும் எழுதப்படுகின்றன.

நம் கடமை

ஆறு தூய்மை பெறுவதை நாம் எதிர்க்கவில்லை. அதன் நாற்றத்தை மூன்று தலைமுறையாக நுகர்ந்தவர்களைவிட அத்தூய்மையை விரும்புபவர் யார்? அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கும் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கத்திற்கும் வழிவகுத்தார். நீரைத் தீமையாகக் கருதாமல் மக்களின் செல்வமாகக் கருதிக் காத்துப் பயன்கொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. குளத்தில் இறங்கி நீர் அள்ளிய அவரே நாட்டின் நீர்த்திட்டங்களையும் வகுத்தார். நம் இளைஞர்களுக்கு இதனினும் சிறந்த வழிகாட்டல் எது?

ஆகவே, இளைஞர்களே, பொறியியல் கற்போர் சாக்கடையும் சுத்திகரிப்பும் கற்க வெட்கப்படாதீர்கள். அத்துறையின் குழிகளில் நம்மவர் மாண்டது போதும். அத்துறையின் வரைபடங்களை இனி நம்மவர் வரையட்டும். சட்டம் கற்போர் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாகப் படியுங்கள். வரலாறு கற்போர் தத்தம் குடியிருப்பின் முதியோரிடம் சென்று, எந்த ஆண்டு வந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், எப்போது மின்விளக்கு வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். குடும்ப அட்டையையும் வரி இரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அளவெடுக்க அதிகாரிகள் வரும் நாளில் அவையே நம் வாய்மொழிக்குத் துணைநிற்கும்.

அம்மாணவியிடம் இவற்றையெல்லாம் நான்கு மாலைகளில் சொல்லி முடித்தேன். ஐந்தாம் நாள், ஒரு தாளில் ஆற்றின் படம் வரைந்து கொண்டுவந்தாள். தன் வீட்டிலிருந்து பாலம் வரை கூவத்தில் விழும் பெருங்குழாய்களை அவளே நடந்து சென்று எண்ணிக் குறித்திருந்தாள். ஒவ்வொரு குழாயும் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதையும் எழுதியிருந்தாள். அத்தாளைத் தன் வகுப்பில் காட்டப் போவதாகச் சொன்னாள்.